படுவான்கரையில் வீடு எடுப்பதற்கு முன்

கடந்த தவக்காலத்தில் மட்டக்களப்பு நகரத்துத் தாண்டவன்வெளியிலிருந்து மூன்று பிள்ளைகள் பஸ் ஏறி வந்து என் முற்றத்தில் அமர்ந்தார்கள். "ரீச்சர், எங்களுக்கும் ஒரு கிராமத்தில் தங்கிப் பணிசெய்ய விருப்பம். எங்கே தொடங்க வேண்டும்?" என்று கேட்டார்கள். தேநீர் ஆறுவதற்குள் பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. மீதியை எழுதுகிறேன்.

நான் கன்னியாஸ்திரி அல்ல. கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவள். 2018 தையிலிருந்து, வலையிறவுப் பாலத்துக்கு அப்பால், மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில், வாவியோரக் கிராமமொன்றில் இன்னும் இரண்டு பெண்களோடு வாடகை வீட்டில் இருக்கிறேன். குருவோ துறவியோ அல்லாத பொதுநிலையினருக்கு இது புதிய வேலையுமல்ல. ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து, கத்தோலிக்கக் குருக்களை விரட்டினார்கள். கோவாவைச் சேர்ந்த குருவான புனித யோசப் வாஸ் 1687 இல் வந்து இறங்கும்வரை வீடுகளில் செபத்தை அணையவிடாமல் காத்தவர்கள் மூப்பர், அண்ணாவி என்று அழைக்கப்பட்ட பொதுநிலைத் தலைவர்கள்தான். பிள்ளைகுட்டிகளோடு வாழ்ந்த சாதாரண மனிதர்கள். ஆகவே "எனக்குத் தகுதி உண்டா" என்று கலங்க வேண்டாம். பங்குத்தந்தையிடமும் ஆயர் இல்லத்திலும் சொல்லிவிட்டு வாருங்கள். தனியாக வராதீர்கள், குறைந்தது இருவராக வாருங்கள்.

வந்தவுடன் யாரைப் பார்ப்பது? கிராம சேவை உத்தியோகத்தரிடம் பதிவு இருக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன்பே கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் வண்ணக்கரைப் போய்ப் பாருங்கள். எங்கள் ஊரில் பெரும்பாலும் கண்ணகி அம்மனை வழிபடும் குடும்பங்கள். சிலுவை அணிந்த மூன்று பெண்கள் வீடு எடுத்தால் "மதம் மாற்ற வந்திருக்கிறார்கள்" என்ற பேச்சு மறுநாளே எழும். அந்தப் பயத்துக்குக் காரணங்கள் உண்டு, அதற்காகக் கோபப்படக் கூடாது. நாங்கள் வண்ணக்கர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "ஐயா, யாரையும் மாற்ற வரவில்லை. உங்கள் ஊரில் இருந்து பழக வந்திருக்கிறோம்" என்றோம். சொன்ன சொல்லைக் காப்பதுதான் கடினம். துண்டுப்பிரசுரம் கொடுக்காதீர்கள். மாலை வகுப்பில் வேதப்பாட்டு வேண்டாம். நோயாளியின் தலையில் கைவைத்துச் செபிக்க வேண்டுமானால் அவர்களே கேட்கட்டும். அம்மன் கோயில் வைகாசிச் சடங்கு நாட்களில் மரக்கறி வெட்டக் கூப்பிட்டார்கள். எந்தப் பாத்திரத்தைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று கேட்டுக் கேட்டு வெட்டிக் கொடுத்தேன். ஊரில் எங்களைப் பார்க்கும் கண் மாறியது அன்றைக்குத்தான்.

முதல் ஆண்டு எந்தத் திட்டமும் தொடங்காதீர்கள். இதை நான் கற்றது ஒரு தவற்றிலிருந்து. வந்த ஆறாம் மாதம், ஜூன் 5 ஆம் திகதி சுற்றாடல் தினத்துக்கென்று பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாவிக் கரையில் உப்புநீர்ச் சேற்றில் வளரும் கண்டல் மரத்தின் 400 நாற்றுகளை நட்டேன். சேறு மிருதுவாக இருந்தது, இடம் அழகாக இருந்தது. ஆடியில் மாடுகள் பாதியை மிதித்தன. மார்கழியில் வாவி ஏறியபோது மீதி முழுவதும் வாரக்கணக்கில் நீருக்குள் மூழ்கிக் கிடந்தது. பெப்ரவரியில் எண்ணினேன், ஒன்றுகூட உயிரோடு இல்லை. வலை பொத்திக்கொண்டிருந்த வயதான மீனவர் ஒருவர், "தண்ணீர் எவ்விடம்வரை ஏறும் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே, தங்கச்சி" என்றார். பிறகு தெரிந்தது, இது என் கிராமத்துக் கதை மட்டுமல்ல. சுனாமிக்குப் பின் இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களை ஆராய்ந்து 2017 இல் வெளியிட்ட ஆய்வில், 9 இடங்களில் ஒரு செடிகூட மிஞ்சவில்லை. நடக்கூடாத மட்டத்தில் நட்டதும், நட்டபின் திரும்பிப் பாராததும் முக்கிய காரணங்கள்.

அந்த மீனவரின் சொல்லுக்குப் பிறகு படகுத்துறையில் ஒரு தடி நாட்டினேன். நீங்களும் அதிலிருந்தே தொடங்குங்கள். நேரான தடி ஒன்றில் 5 சென்ரிமீற்றருக்கு ஒரு கோடு வரைந்து, எளிதில் அழியாத வர்ணம் பூசி, வெள்ளம் சாய்க்காதபடி ஆழமாக ஊன்றுங்கள். தினமும் காலை ஒரே நேரத்தில் நீர்மட்டத்தைப் பார்த்து ஒரு சீஆர் கொப்பியில் எழுதுங்கள். பக்கத்தில் மழை, காற்றின் திசை, வலையில் என்ன பட்டது, யாருடைய வயலில் நீர் நிற்கிறது என்றும் எழுதுங்கள். நம் கடலில் ஏற்றவற்றம் ஒரு மீற்றரைக்கூட எட்டாது. வாவியின் உயரத்தைத் தீர்மானிப்பவை மழையும், வாவி கடலோடு சேரும் வாயான முகத்துவாரமும்தான். அதனால் ஒரு நாள் பார்த்தோ ஒரு மாதம் பார்த்தோ ஒன்றும் விளங்காது. கோடையும் மாரியும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வர வேண்டும். நீர் அளக்கப் போகும் சாக்கில் தினமும் துறைக்குப் போவீர்கள். துறையில் நிற்பவர்கள் பேசுவார்கள். எங்கள் பணியில் பாதி அங்கேதான் நடந்தது.

அதற்குப் பிறகும் உடனே நடாதீர்கள். கண்டல் காயும், கண்ணா என்ற இன்னொரு சதுப்பு மரத்தின் விதையும் தாமாகக் கரை ஒதுங்குகின்றனவா என்று பாருங்கள். ஒதுங்கி முளைத்துப் பிறகு சாகின்றன என்றால், சாகவைப்பது எது என்று கண்டுபிடித்து அதை நீக்குங்கள். எங்கள் கரையில் அது மாடு. பனைமட்டையாலும் காட்டுக்கம்பாலும் ஒரு வேலி அடைத்தோம். இரண்டு மாரிக்குள் நடாமலே கண்ணா முளைத்தது. விதையே வராத இடத்தில் மட்டும் நடலாம். முருங்கைக்காய் போலத் தொங்கும் கண்டல் காயில், தொப்பிக்குக் கீழே மஞ்சள் வளையம் தெரிந்தால் முற்றிவிட்டது என்று பொருள். மெல்ல ஆட்டினால் கையோடு வரும். தொப்பியைப் பிடுங்காமல், கூர்முனை கீழே இருக்க, மூன்றில் ஒரு பங்கு சேற்றில் இறங்கும்படி ஊன்றுங்கள். பக்கத்தில் வளர்ந்த கண்டல்கள் நிற்கும் அதே மட்டத்தில் ஊன்ற வேண்டும், அதற்குக் கீழே போகக் கூடாது. வனத் திணைக்களத்திலும் பிரதேச செயலகத்திலும் முதலில் கேட்டுவிடுங்கள். கண்டலுக்குப் பக்கத்தில் வளரும் தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு, பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் மறக்கக் கூடாது.

வயல் பக்கம் போனால் "இயற்கை விவசாயம்" என்று வாய் திறக்க வேண்டாம். 2021 இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாக நிறுத்தியபோது, நெற்பயிர் வெளிறி நின்றதை இந்த மக்கள் கண்ணால் பார்த்தவர்கள். அந்தச் சொல்லே இப்போது காயம். நாங்கள் வீட்டு வளவில் கத்தரியும் பயற்றையும் வைத்து, வேலிக் கிளிசரிடியாத் தழையை மட்கவைத்துப் போட்டோம். பார்த்தவர்கள் கேட்டார்கள், கேட்டவர்களுக்குச் சொன்னோம். அவ்வளவுதான்.

இரவில் யானைக் காவலுக்குப் போகிறவர்களோடு பரணில் போய் இருங்கள். யானை வெடிகளுக்கிடையே நீண்ட மௌனம் வரும். அப்போது போர்க்காலத்தில் காணாமற்போனவர்களைப் பற்றிப் பேச்சு வரும். அந்த நேரத்தில் கொப்பி வேண்டாம், கைபேசி வேண்டாம். இந்த மக்களிடம் படிவம் நிரப்பிக்கொண்டு போனவர்கள் ஏராளம். கேட்டுக்கொண்டிருந்தாலே போதும். உங்கள் இழப்பு ஒன்று இருந்தால் அதைச் சொல்லலாம். நான் ஹீபர்ட் அடிகளாரைப் பற்றிச் சொன்னேன். அமெரிக்காவிலிருந்து வந்து புனித மிக்கேல் கல்லூரிப் பையன்களுக்குக் கூடைப்பந்து பழக்கிய இயேசுசபைத் துறவி அவர். 1990 ஓகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் மறைந்தவர், இன்றுவரை வரவில்லை. பரணில் இருந்த பெரியவர் என் கையை ஒரு கணம் பிடித்தார்.

சமாதானம் என்று பெயர்ப்பலகை தொங்கவிட்டுக் கருத்தரங்கு வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஊரில் உண்மையான சண்டை எதைப்பற்றி என்று பாருங்கள். எங்கள் ஊரில் அது முகத்துவாரம். மாரியில் வெள்ளம் வயலுக்குள் ஏறும்போது, மணல் மூடிய வாயை வெட்டித் திறக்கச் சொல்லிக் கமக்காரர்கள் அவசரப்படுவார்கள். நீர் இறங்கினால் இறாலும் போய்விடும் என்று மீனவர்கள் தயங்குவார்கள். வெட்டும் முடிவு அதிகாரிகள் கையில் இருந்தாலும், மனக்கசப்பு ஊருக்குள் தங்கிவிடும். மூன்று மாரிகளின் கணக்கு நிறைந்தபின் அந்தச் சீஆர் கொப்பியைக் கமக்காரர் அமைப்புக்கும் மீனவர் சங்கத்துக்கும் நடுவில் வைத்தேன். தடியில் எந்தக் கோட்டைத் தொட்டபோது எந்த வயல் மூழ்கியது என்று இரண்டு தரப்பும் விரல் வைத்துப் பார்த்தார்கள். குரல்கள் தாழ்ந்தன. இப்போது எந்தக் கோட்டுக்கு மேலே போனால் சேர்ந்து கடிதம் எழுதுவது என்று அவர்களுக்குள் ஓர் உடன்பாடு இருக்கிறது.

இன்னொன்று, பிளவு வந்தால் முதலில் நீங்கள் நடந்து போங்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் இஸ்லாமியத் தீவிரவாதிகளின் குண்டு வெடித்தபின், எங்கள் துறைக்கு மீன் எடுக்க வரும் முஸ்லிம் வியாபாரி வாரக்கணக்கில் வரவில்லை. மீனை வாங்க ஆளில்லை, அவருக்கும் பிழைப்பில்லை. மீனவர் சங்கத் தலைவரோடு நாங்கள் மூவரும் அவர் வீட்டுக்குப் போனோம். நான் கத்தோலிக்கப் பெண் என்பதால் அங்கே என் முகம் தெரிவது அவசியம் என்று நினைத்தேன். அவருடைய மனைவி தேநீர் தந்தார். அடுத்த கிழமை லொறி துறைக்கு வந்தது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. என் ஓய்வூதியத்தில் சாப்பிடுகிறோம். யாருக்கும் கடன் கொடுப்பதில்லை, அன்பளிப்புப் பொதி பகிர்வதில்லை. யாராவது நன்கொடை தந்தால் மாதர் சங்கக் கணக்கில் போடச் சொல்வோம். நுண்கடன் பத்திரத்தோடு வரும் பெண்களுக்கு வட்டியைக் கணக்குப் போட்டு விளக்குவேன், கையெழுத்து அவர்கள் முடிவு.

காலை ஐந்தரைக்கு மூவரும் சேர்ந்து செபிக்கிறோம். திருத்தந்தை பிரான்சிஸ் 2015 இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' மடலிலிருந்து ஒரு பத்தி வாசிப்போம். பூமியின் அழுகையையும் ஏழையின் அழுகையையும் சேர்த்துக் கேட்கச் சொல்லும் 49 ஆம் பத்திக்குத்தான் அடிக்கடி திரும்பி வருகிறோம். பிறகு நான் தடியைப் பார்க்கப் போவேன்.

முடிவெடுக்குமுன் ஒருமுறை கார்த்திகையில் வந்து பத்து நாட்கள் தங்குங்கள். பாதை வெள்ளத்தில் மூடினால் திரும்பிப் போக முடியாமலும் போகலாம், அதற்கும் தயாராக வாருங்கள். நுளம்புவலை, டோர்ச், இரண்டு சோடி செருப்பு, உங்கள் மருந்து. கொப்பி என்னிடம் இருக்கிறது.