முதுகு வலிக்குக் காரணம் தேடும்போது செய்யக் கூடாத தவறுகள்

“என்ன பிரச்சினை?” என்று மருத்துவர் கேட்பார். “இடுப்பு வலி டாக்டர், ரொம்ப நாளா” என்று சொல்லிக்கொண்டே ஸ்கேன் கவரை மேஜை மேல் வைப்பேன். அவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருக்கு” என்பார். மாத்திரை, பெல்ட், குனிய வேண்டாம், கனம் தூக்க வேண்டாம், நல்லா ரெஸ்ட் எடுங்க. பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவேன். 6 வருடத்தில் 4 மருத்துவர்களிடம் ஏறக்குறைய இதே காட்சி.

ஐந்தாவதாகப் பார்த்தவர் கவரைத் திறக்கவில்லை. “ராத்திரி வலியில முழிப்பு வருதா? காலையில எழுந்ததும் முதுகு எவ்வளவு நேரம் விறைப்பா இருக்கும்? நடந்தா வலி கூடுதா, குறையுதா?” என்று கேட்டார். விடியற்காலை 3 மணிக்கு முழிப்பு வரும், எழுந்து நடந்தால்தான் அடங்கும். காலையில் ஒரு மணி நேரம் முதுகு பலகை மாதிரி இருக்கும். ஓய்வாக இருக்கும் நாளில்தான் வலி அதிகம். நான் சொல்லி முடித்ததும் அவருக்குப் பாதி விளங்கிவிட்டது. முதுகெலும்பின் அடியில், இடுப்பெலும்போடு அது சேரும் மூட்டுகளில் அழற்சி, அதாவது உள்வீக்கம். முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க்கின் பிதுக்கம் அதன்பாட்டுக்கு அங்கே இருந்தது, அவ்வளவுதான்.

இந்தப் பதில்கள் முதல் நாளிலிருந்தே என்னிடம் இருந்தன. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தெரியாது. வலி 3 மாதத்தைத் தாண்டிவிட்டால் அதை நாள்பட்ட வலி என்கிறார்கள். அந்தக் கட்டத்தில் இருப்பவர்கள் என்னைப் போல வருடங்களைத் தொலைக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

படத்தை முதலில் நீட்டுவது

நான் செய்த பெரிய தவறு இதுதான். ஸ்கேன் எடுத்தாயிற்று, அதில் எல்லாம் தெரிந்திருக்கும், இனி நான் பேச என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

1994-இல் ஓர் ஆய்வு வெளியானது. முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். எல்லா டிஸ்க்கும் ஒழுங்காக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். 52 சதவீதம் பேருக்கு ஒரு டிஸ்க்காவது பிதுங்கியிருந்தது. அப்புறம் 2015-இல் இதே மாதிரியான ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, வலியில்லாத 3,100-க்கும் மேற்பட்டவர்களின் படங்களைக் கணக்கிட்டார்கள். 20 வயதிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. 50 வயதில் அது 80 சதவீதம், 80 வயதில் 96. தலைமுடி நரைப்பது போல டிஸ்க்கும் வயதாகிறது. ரிப்போர்ட்டில் “தேய்மானம்” என்ற சொல்லைப் பார்த்ததும் நமக்கு உள்ளம் நடுங்குகிறது. வலியே இல்லாத பக்கத்து வீட்டுக்காரரைப் படம் எடுத்தாலும் அதே சொல் வரலாம்.

2017-இல் வெளியான இன்னொரு விவரம் என்னை உலுக்கியது. 63 வயதுப் பெண் ஒருவர் 3 வாரத்துக்குள் 10 வெவ்வேறு மையங்களில் முதுகு எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டார். பத்து ரிப்போர்ட்டிலும் சேர்த்து 49 விதமான குறைகள் எழுதப்பட்டிருந்தன. பத்திலும் பொதுவாக இருந்த குறை ஒன்றுகூட இல்லை.

இதனால் ஸ்கேனே வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டி, கிருமித்தொற்று, எலும்பு முறிவு, நசுங்கிய நரம்பு ஆகியவற்றைக் காட்ட அதைவிட நல்ல கருவி இல்லை. ஆனால் படத்தில் இருப்பதும் உடம்பில் நடப்பதும் பொருந்த வேண்டும். நாலாவது, ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே டிஸ்க் நரம்பை அழுத்தினால், வழக்கமாக வலி காலின் வெளிப்பக்கமாக இறங்கி, பாதத்தின் மேல்புறம் வரை வரும். கால் கட்டைவிரலை மேலே தூக்கும் பலம் குறையலாம். அதற்கு ஒரு படி கீழே என்றால் கெண்டைக்கால் பின்புறம் இழுக்கும், நுனிக்காலில் நடப்பது கஷ்டமாகும், கணுக்காலின் பின்னால் தட்டினால் கால் துள்ளாது. ரிப்போர்ட்டில் இடது நரம்பு, வலிப்பது வலது கால் என்றால் அந்த டிஸ்க்கைக் குற்றம் சொல்ல முடியாது. “படத்துல இருக்கிறது என் வலியோட பொருந்துதா டாக்டர்?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். அதற்கு அவர் உங்களைக் கட்டிலில் படுக்கவைத்து, காலைத் தூக்கிப் பார்த்து, சுத்தியலால் தட்டிப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். தொட்டே பார்க்காமல் சொன்ன பதிலை நான் இப்போது ஏற்றுக்கொள்வதில்லை.

இன்னொன்றும் உண்டு. எடுத்த படம் சரியான இடத்தின் படம்தானா? வழக்கமான இடுப்பு முதுகெலும்பு எம்.ஆர்.ஐ.யில் அடியிலுள்ள அந்த இடுப்பெலும்பு மூட்டுகள் சரியாக விழாது. அவற்றுக்குத் தனியாக எடுக்க வேண்டும். எக்ஸ்ரேயோ அழற்சி தொடங்கிப் பல வருடம் வரை சுத்தமாக இருக்கலாம். என்னுடைய 3 பழைய ஸ்கேன்களும் வேறு இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

“இடுப்பு வலி” என்று மட்டும் சொல்வது

நம் மொழியில் இடுப்பு என்றால் எத்தனை இடம்! விலாவுக்குக் கீழே கை வைப்பதும் இடுப்பு, குறுக்கும் இடுப்பு, தொடை சேரும் மூட்டும் இடுப்பு. நாம் ஒன்றை நினைத்துச் சொல்ல, கேட்பவர் இன்னொன்றை எழுதிக்கொள்கிறார். இதில் அடிக்கடி அடிபட்டுப்போவது தொடை மூட்டுத் தேய்மானம். அது பெரும்பாலும் கவட்டைப் பகுதியில் வலிக்கும், சிலருக்குப் பின்பக்கத்திலும் முழங்காலிலும் வலிக்கும். செருப்பு மாட்டக் காலை மடக்க முடியாது, வண்டியிலிருந்து இறங்கும்போது சுளீர் என்று பிடிக்கும். ஒரே ஆளுக்கு முதுகும் தொடை மூட்டும் சேர்ந்து கெட்டிருப்பதும் உண்டு. முதுகுக்கு மட்டும் வைத்தியம் நடக்கும், வலி அப்படியே இருக்கும்.

ஆகவே ஒரே ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள். நடு எலும்பிலா, அதன் பக்கத்துத் தசையிலா, பின்பக்கம் பள்ளம் விழும் இடத்திலா, கவட்டையிலா? காலில் இறங்கினால் எந்த வழியாக, எதுவரை இறங்குகிறது என்று விரலாலேயே கோடு போட்டுக் காட்டுங்கள். அந்த ஒரு கோட்டில் மருத்துவருக்கு நிறையத் தெரியும்.

வலியின் தன்மைக்கு நம்மிடம் இருக்கும் சொற்களையும் தாராளமாகப் பயன்படுத்த வேண்டும். கடுப்பு வேறு, குத்தல் வேறு. உளைச்சல் வேறு, சுண்டி இழுப்பது வேறு. மின்சாரம் பாய்வதுபோல் சுரீர் என்று ஓடுவது, எரிச்சல், மதமதப்பு, எறும்பு ஊர்வது போன்ற உணர்வு எல்லாம் நரம்பைச் சொல்லும் சொற்கள். ஆழத்தில் கடுப்பும் விறைப்பும் மூட்டையும் தசையையும் சொல்லலாம். “பயங்கரமா வலிக்குது டாக்டர்” என்பதில் நம் வேதனை இருக்கிறது, தகவல் இல்லை. நானும் அதைத்தான் 6 வருடம் சொன்னேன்.

வலி வரும் நேரத்தைக் கவனிக்காமல் விடுவது

இதுதான் எனக்கு வழியைத் திறந்தது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

40 வயதுக்குள் மெல்ல மெல்லத் தொடங்கி, ஓய்வில் கூடி, நடமாட்டத்தில் குறைந்து, பின்னிரவில் எழுப்பிவிடும் வலி அழற்சி வகையாக இருக்கலாம். காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பு நீடித்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். இந்த அழற்சி நோயைக் கண்டுபிடிக்க உலகெங்கும் சராசரியாக 7 வருடம் அளவுக்குத் தாமதமாகிறது. இளம் வயதினர், வெளிப்பார்வைக்கு நன்றாக இருப்பவர்கள் என்பதால் “தசைப்பிடிப்பு” என்று அனுப்பிவிடுகிறார்கள். இவர்கள் போக வேண்டியது ருமட்டாலஜிஸ்ட் எனப்படும் வாத நோய் மருத்துவரிடம். ஆனால் முதுகு என்றதும் நாம் எலும்பு மருத்துவரோடு நின்றுவிடுகிறோம்.

வயதானவர்களில் கொஞ்ச தூரம் நடந்ததும் இரண்டு காலும் கனத்து, மரத்து, உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோ இதமாகிறது என்றால், தண்டுவடக் குழாய் குறுகியிருக்கலாம். நின்றாலே போதும், உட்காரத் தேவையில்லை, வலி போய்விடுகிறது என்றால் காலுக்குப் போகும் ரத்தக்குழாயைப் பார்க்க வேண்டும். இரண்டையும் “நடந்தால் கால் வலிக்கிறது” என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

இருமும்போதும் தும்மும்போதும் காலுக்குச் சுரீர் என்று பாய்ந்தால் டிஸ்க் பக்கம் யோசிப்பார்கள். எப்படி அசைந்தாலும், படுத்தாலும், வலியில் மாற்றமே இல்லை என்றால் முதுகுக்கு வெளியே தேட வேண்டும். சிறுநீரகம், கணையம், வயிற்றுப் பெரிய ரத்தக்குழாய் இவை முதுகில் வலியாகப் பேசும். மாதவிடாய் நாட்களை ஒட்டி ஒவ்வொரு மாதமும் குறுக்கு விட்டுப்போகிறது என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். கருப்பையின் உட்புறத் திசு போன்றது வெளியே வளரும் நோயும் இப்படி வலிக்கும். பெண்களின் அந்த வலியை “எல்லாருக்கும் வர்றதுதானே” என்று ஒதுக்குவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

2 வாரம் ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். எத்தனை மணிக்கு வந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன், எதனால் குறைந்தது. இவ்வளவு போதும்.

சம்பந்தமில்லை என்று சிலதை மறைப்பது

கண் சிவந்து வலித்ததை முதுகு மருத்துவரிடம் எதற்குச் சொல்வது என்று நான் விட்டுவிட்டேன். கண்ணின் உள் அழற்சி, தோலில் சொரியாசிஸ், அடிக்கடி ரத்தத்தோடு போகும் வயிறு, குதிகால் வலி இவை அழற்சி முதுகு வலியோடு கூடவே வரக்கூடியவை. குடும்பத்தில் யாருக்காவது இருந்தாலும் சொல்ல வேண்டும். வலி மாத்திரை போட்டதும் ஒரே நாளில் பறந்துவிட்டது என்றால் அதுவும் ஒரு தடயம். பழைய புற்றுநோய், காசநோய், ஸ்டீராய்டு மாத்திரை, காரணமில்லாமல் இளைத்தது, மாலைக் காய்ச்சல், இவற்றையும் கேட்கும் வரை காத்திருக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். முதுகெலும்பில் காசநோய் வந்தால் இருமல் இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. எலும்பு மெலிந்தவர்களுக்கு ஒரு வாளியைத் தூக்கியதிலேயே முள்ளெலும்பு நசுங்கியிருக்கலாம்.

ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பியும் ஏமாறலாம். அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. சரியாக இருந்தாலும் நோய் இருக்கலாம். இந்த நோயோடு தொடர்புள்ள ஹெச்.எல்.ஏ.-பி27 என்ற மரபணு அடையாளம் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை.

காத்திருக்கக் கூடாத நேரம்

முதுகு வலியோடு சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, சிறுநீரும் மலமும் கட்டுப்பாடு இல்லாமல் போனாலோ, உட்காரும் இடத்திலும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரத்துப்போனாலோ, கால்கள் பலமிழந்துகொண்டே வந்தாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அன்றைக்கே. தண்டுவடத்தின் அடி நரம்புக்கற்றை நசுங்கினால் சில மணி நேரத் தாமதமும் வாழ்நாள் பாதிப்பாகிவிடலாம்.

“ஒன்றுமில்லை” என்பதைத் தப்பாக எடுத்துக்கொள்வது

நாள்பட்ட முதுகு வலிக்காரர்களில் மிகப் பெரும்பாலோருக்கு, இந்த எலும்பு, இந்த டிஸ்க் என்று ஒன்றைக் கைகாட்ட முடிவதில்லை. மருத்துவர்கள் இதைக் குறிப்பிட்ட காரணமற்ற முதுகு வலி என்கிறார்கள். கேட்பவருக்கு அது “உனக்கு வலியே இல்லை” என்று விழுகிறது. வீட்டிலும் அதையே சொல்லிக்காட்டுகிறார்கள். பாவம், அந்த மனிதர் அடுத்த ஸ்கேனுக்குக் கிளம்பிவிடுகிறார்.

வலி உண்மை. திசுவில் காயம் ஆறிய பிறகும், வலியைக் கடத்தும் நரம்பு மண்டலமே கூர்மையாகி, சின்னச் சீண்டலையும் பெரிதாகச் சொல்லும் நிலை உண்டு. 2017-இல் உலக வலி ஆய்வாளர்களின் சங்கம் இதற்கென்றே ஒரு தனிப் பெயரை ஏற்றுக்கொண்டது. தூக்கம் எப்படி, மனது எப்படி, வேலையில் நெருக்கடி உண்டா என்று மருத்துவர் கேட்டால், கற்பனை வலி என்று சொல்கிறார் என்று முகம் சுளிக்காதீர்கள். தூக்கமின்மையும் கவலையும் வலியின் ஒலியைக் கூட்டுகின்றன. அதைக் கேட்கிற மருத்துவர் முழு ஆளையும் பார்க்கிறார்.

ஆனால் இந்த முடிவுக்கு வருவதற்கு முன் மற்றவை விசாரிக்கப்பட்டிருக்க வேண்டும். விசாரிக்காமலே “உங்களுக்கு மனசுலதான்” என்று சொன்னால் இன்னொருவரிடம் போக உங்களுக்கு உரிமை இருக்கிறது.

ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்குவது

மருத்துவரை மாற்றும்போது பழைய விவரத்தை மறைத்து, “இவர் புதுசா என்ன சொல்றார் பார்ப்போம்” என்று சோதிப்பது பலருக்கும் பழக்கம். நான் அதையும் செய்தேன். ஒவ்வொருவரும் முதல் படியிலிருந்து ஆரம்பித்து அதே மாத்திரையில் முடித்தார்கள். ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: வலி தொடங்கிய வருடம், பார்த்த வைத்தியம், எத்தனை வாரம் செய்தேன், என்ன ஆனது. ரிப்போர்ட் மட்டும் போதாது, படங்கள் உள்ள சி.டி.யும் வேண்டும். இன்னொரு கண் அதை வேறு மாதிரி படிக்கலாம்.

எழுந்து வருவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். “இது வேற என்னவா இருக்கலாம்? அது இல்லைன்னு எதை வச்சு சொல்றீங்க? எத்தனை வாரத்துல குறையலைன்னா நாம மறுபடி யோசிக்கணும்?” மூன்றாவது கேள்விக்குக் கிடைக்கும் பதிலை அதே தாளில் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தேதி வந்தும் வலி அப்படியே இருந்தால், அதே மருந்துச் சீட்டில் இன்னொரு மாதத்துக்கு மாத்திரை வாங்காமல், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு திரும்பப் போங்கள்.