பள்ளி நாளுக்குள் 15 நிமிட ஓட்டம்: தொடங்கும் முறை

உடற்கல்விப் பாடவேளை வாரத்துக்கு இரண்டு கிடைத்தாலே பெரிது. தேர்வு நெருங்கினால் அதில் ஒன்றைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொள்வார், அந்தக் கடன் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. ஆகவே, பிள்ளைகள் நாள்தோறும் வெளியில் ஓட வேண்டும் என்று விரும்பும் பள்ளி, அந்தப் பாடவேளையை நம்பியிராமல், வகுப்பாசிரியரே தம் நேரத்திலிருந்து 15 நிமிடம் ஒதுக்கும்படி ஏற்பாடு செய்வது நல்லது.

ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் நகரில், தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர் எலைன் வைலி 2012இல் தொடங்கிய 'டெய்லி மைல்' (நாளும் ஒரு மைல்) இத்தகையதே. உடை மாற்றுவதில்லை, போட்டி இல்லை. பிள்ளைகள் தத்தம் வேகத்தில் 15 நிமிடம் ஓடுகிறார்கள், மூச்சு வாங்கினால் நடக்கிறார்கள். 5 முதல் 17 வயது வரையுள்ளோர்க்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் கால் பங்கு இங்கேயே முடிந்துவிடும்.

இதைக் கடலூர்ப் பள்ளிகளில் தொடங்க, முதலில் தீர்க்க வேண்டியது வெயில். ஏப்ரலில் பத்து மணிக்கே மணல் சுடுமாதலால், காலை வழிபாடு முடிந்த கையோடு ஓடுவதே உத்தமம். காலை உணவுத் திட்டத்தில் சாப்பிட்ட பிள்ளைகளுக்கு மட்டும் அரை மணி நேரமாவது போகட்டும். அது இயலாவிட்டால், கடற்காற்று வீசத் தொடங்கிய பின், கடைசிப் பாடவேளைக்கு முன் வைத்துக்கொள்ளலாம். மதிய உணவு முடிந்த உடனே மட்டும் வேண்டவே வேண்டாம்.

அடுத்து, பாதை. 2011 டிசம்பர் 30இல் 'தானே' புயல் சாய்த்த மரங்களுக்கு ஈடாக நட்ட வேம்போ புங்கனோ உங்கள் வளாகத்தில் நிழல் தந்தால், அதை ஒட்டியே சுற்றுப்பாதையை அமையுங்கள். 40 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமும் உள்ள இடம் போதும்; ஒரு சுற்று 130 மீட்டர், 12 சுற்று ஏறக்குறைய ஒரு மைல். மூலைகளில்தான் பிள்ளைகள் மோதிக்கொள்வார்கள் என்பதால், அங்கே சுண்ணாம்புக் கோட்டை வளைவாகப் போட்டு, எல்லோரையும் ஒரே திசையில் ஓடவிடுங்கள். ரப்பர் செருப்பு வழுக்கும். வாரறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடி ஓடும் பிள்ளை எந்த வகுப்பிலும் ஒன்று இருக்கும். வெறுங்காலில் ஓடுவோருக்காக, மழைக்குப் பின் முளைக்கும் நெருஞ்சியை வாரம் ஒருமுறை வேரோடு பிடுங்கிவிட வேண்டும். துப்பட்டாவை ஊக்குப் போட்டு இறுக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இழுப்பு (ஆஸ்துமா), வலிப்பு, இதயக் கோளாறு உள்ளவர்கள் யார் என்று பெற்றோரிடம் முன்னரே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இன்ஹேலர் வைத்திருக்கும் பிள்ளை அதைப் பையில் விட்டுவிட்டு வெளியே வரக் கூடாது. வடகிழக்குப் பருவமழையில் மைதானத்தில் தண்ணீர் நின்றால் அன்றைக்கு விட்டுவிடலாம், ஆனால் வடிந்த மறுநாளே மீண்டும் தொடங்க வேண்டும். ஒரு வாரம் விட்டால் பிள்ளைகளைவிட ஆசிரியர்களுக்கே பழக்கம் போய்விடும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். தாமதமாக வந்தவனை 'நாலு சுற்று ஓடு' என்று தண்டிக்கும் வழக்கத்தை, இந்த ஓட்டம் தொடங்கும் அன்றோடு நிறுத்திவிட வேண்டும், ஏனெனில் ஒரே பாதை தண்டனைக்கும் விளையாட்டுக்கும் பயன்பட்டால் பிள்ளைகளுக்குத் தண்டனைதான் நினைவிருக்கும். ஆசிரியரும் விசிலோடு ஓரத்தில் நிற்காமல் கூடவே நடக்கட்டும், புடவையோடு நடக்கலாம்.

முதல் இரண்டு வாரம் ஒரே வகுப்பை மட்டும் வைத்துப் பாருங்கள். திரும்பியதும் தண்ணீர் குடிக்கவிட்டு, ஐந்து நிமிடம் எழுத்து வேலை கொடுங்கள். மூச்சு வாங்கும் வகுப்பைச் செய்யுள் ஒப்பிக்கச் சொன்னால் சிரிப்புத்தான் வரும்.