ஓட்டல் ரூமில் ராத்திரி இன்னொருவர் தங்கினால்

கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ வெளியூர் போய் ரூம் எடுத்திருப்போம். சாயங்காலம் சித்தப்பா வந்து சேருவார், "இன்னைக்கு ராத்திரி உங்களோடயே படுத்துக்கிறேன்ப்பா" என்பார். தாராளமாகப் படுக்கட்டும். ஆனால் ரூமுக்குக் கூட்டிப் போகும் முன் ரிசப்ஷனில் அவர் பெயரைப் பதிந்துவிடுங்கள்.

நம் ஊர் ஓட்டல்களில் தங்கும் பெரியவர்கள் ஒவ்வொருவரிடமும் அடையாள அட்டை கேட்பார்கள். ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் எதுவும் சரி. பான் கார்டில் முகவரி கிடையாது என்பதால் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். வருகிறவரிடம் போனிலேயே சொல்லிவிட்டால் நடுராத்திரியில் தகராறு இருக்காது. அவர் வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர் என்றால் கட்டாயம் சொல்லுங்கள். 24 மணி நேரத்துக்குள் ஓட்டல்காரர் அரசுக்கு விவரம் அனுப்பியாக வேண்டும். மறைத்தால் சிக்கல் ஓட்டல்காரருக்கும்தான்.

அடுத்தது காசு. கூடுதல் ஆளுக்கு 'எக்ஸ்ட்ரா பெட்' என்று கட்டணம் கேட்டால், பல இடங்களில் அது தரையில் போடும் ஒரு மெத்தை, தலையணை, போர்வை அவ்வளவுதான். முட்டி வலிக்காரர் வருகிறார் என்றால் கட்டிலா மெத்தையா என்று முதலிலேயே கேளுங்கள். கட்டணத்தில் வரியும் காலை டிபனும் சேர்ந்திருக்கிறதா என்றும் கேட்டு, பில்லில் எழுதச் சொல்லுங்கள். சின்னக் குழந்தைகளுக்குப் பல ஓட்டல்களில் காசு வாங்குவதில்லை. வயது வரம்பு மட்டும் ஓட்டலுக்கு ஓட்டல் மாறும்.

தீ விபத்து மாதிரி ஏதாவது நடந்தால், உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று தேட, ரிசப்ஷனில் பெயர் பதிந்த அந்தப் பதிவேடும் உதவும். எனக்கு இதுதான் காசை விடப் பெரிய காரணம்.