ஒரே வகுப்பில் இரண்டு பயிற்சி ஆசிரியர்கள்: யார் எப்போது பேசுவது?

கற்பித்தல் பயிற்சியில் உங்களையும் உடன் படிப்பவரையும் ஒரே உயர்நிலை வகுப்பில் போட்டுவிட்டார்களா? அதுவும் செவித்திறன் குறைபாடு, பார்வைக் குறைபாடு, டிஸ்லெக்சியா (எழுத்தைப் படிப்பதில் வரும் சிரமம்), ஆட்டிசம் என்று பலவிதத் தேவைகள் உள்ள மாணவர்களும் சேர்ந்து படிக்கும் வகுப்பா? அப்படியென்றால் நீங்கள் இருவரும் முதலில் பேசி முடிக்க வேண்டியது, யார் எப்போது வாயை மூடிக்கொண்டிருப்பது என்பதைத்தான். பாடம் அப்புறம்.

இருவருமே புதியவர்கள், இருவருக்கும் சம இடம். அதனால் ஒன்று இருவரும் ஒரே நேரத்தில் பேசுவீர்கள், இல்லையென்றால் அவர் சொல்லட்டும் என்று இருவருமே நிற்பீர்கள். இதைத் தவிர்க்கப் பாடக்குறிப்பில் ஒரு பத்தியைக் கூடுதலாகப் போடுங்கள்: ஒருவர் நடத்தும்போது மற்றவர் என்ன செய்கிறார்? அதில் "உதவுவார்" என்று மட்டும் எழுதினால் ஒரு பயனும் இல்லை. "இரண்டாவது கணக்கின்போது கடைசி இரண்டு வரிசையின் நோட்டைப் பார்ப்பார்" என்று எழுதினால்தான் வகுப்பில் கை கால் ஓடும். தனித்தனியாக மதிப்பெண் போடுபவருக்கும் யார் எதைச் செய்தார் என்பது தெரியும்.

சிறப்புக் கல்வி அறிஞர்களான மேரிலின் ஃப்ரெண்டும் லின் குக்கும் இருவர் இணைந்து கற்பிக்க ஆறு முறைகளைச் சொல்கிறார்கள். ஒருவர் நடத்த மற்றவர் கவனிப்பது, ஒருவர் நடத்த மற்றவர் உதவுவது, நிலையங்களாகப் பிரிப்பது (அறையில் வெவ்வேறு வேலை உள்ள இடங்களுக்குக் குழுக்கள் மாறி மாறிப் போவது), வகுப்பைப் பாதியாக்கி இருவரும் அதே பாடத்தை நடத்துவது, சிறு குழுவுக்குத் தனியாக நடத்துவது, இருவரும் சேர்ந்தே நடத்துவது. கடைசி முறைதான் பார்க்க அழகு, ஆனால் முதல் வாரத்திலேயே அதில் இறங்காதீர்கள். ஒருவர் பேச்சின் போக்கு மற்றவருக்குப் பழகியிருக்க வேண்டும். கவனிப்பதில் தொடங்குங்கள். யார் கை தூக்குகிறார், யார் எழுதாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று குறித்து வைத்தால் அடுத்த பாடத்துக்கு அதுவே சரக்கு.

இரண்டாவது முறையில்தான் ஒரு வம்பு இருக்கிறது. அது சுலபம் என்பதால் அதிலேயே நின்றுவிடுவோம், அப்புறம் ஒருவர் 'உண்மையான' ஆசிரியர், இன்னொருவர் எடுபிடி என்று மாணவர்கள் முடிவு கட்டிவிடுவார்கள். அதைவிட மோசம், அந்த இரண்டாமவர் எப்போதும் ஒரே மாணவர் பக்கத்தில் போய் உட்காருவது. பதினைந்து வயதில் எல்லார் கண்ணும் தன்மேல் விழுவதை யார்தான் விரும்புவார்கள்? எல்லா மேசைக்கும் போங்கள், நன்றாகப் படிப்பவரிடமும் நின்று ஒரு கேள்வி கேளுங்கள், வகுப்பு நேரம் பாதி ஆனதும் நடத்துபவரும் உதவுபவரும் இடம் மாறுங்கள். சிறு குழுவிலும் அப்படித்தான், ஒவ்வொரு முறையும் அதே நான்கு பேரை அழைக்காதீர்கள்.

பாதியாகப் பிரிக்கும் முறையை ஒரே அறையில் செய்வதாக இருந்தால் யோசித்துச் செய்யுங்கள். காது கேட்கும் கருவி பக்கத்துக் குழுவின் சத்தத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். இரைச்சல் தாங்காத மாணவருக்கும் அது பெரிய தொல்லை. அதற்கு நிலையங்களே மேல். 45 நிமிட வகுப்பில் மூன்று நிலையம், ஒவ்வொன்றுக்கும் 12 நிமிடம், மீதி 9 நிமிடம் இடம் மாற. இரண்டில் நீங்கள் ஆளுக்கொன்றாக நில்லுங்கள், மூன்றாவதில் மாணவர்கள் தாங்களே செய்யக்கூடிய வேலையை வையுங்கள்.

இருவர் இருப்பதால் வரும் சின்னச் சிக்கல்களும் உண்டு. ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கிட்டால் உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்பவர் யாரைப் பார்ப்பார்? ஒருவர் முடித்த பிறகு மற்றவர் தொடங்குங்கள், கரும்பலகையைப் பார்த்தபடி பேசாதீர்கள். எழுதுவதை வாய்விட்டும் சொல்லுங்கள். இன்று எந்தப் பகுதியை யார் நடத்துவார் என்பதைத் தொடக்கத்திலேயே பலகையில் எழுதிவிட்டால், திடீர் மாற்றம் பிடிக்காத மாணவருக்கு நிம்மதி. டிஸ்லெக்சியா உள்ளவரை முன்னறிவிப்பு இல்லாமல் உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டாம். யாருக்கு என்ன வசதி தேவை என்பதைச் சிறப்புக் கல்வி ஆசிரியரிடம் இருவருமே சேர்ந்து கேளுங்கள், கேட்டதை வராந்தாவில் வைத்துப் பேசாதீர்கள்.

கூட இருப்பவர் பலகையில் தப்பாக எழுதிவிட்டாரா? "அந்த வரியை இன்னொரு தடவை பார்த்துவிடலாமா?" என்று கேட்டால் போதும், அவரே திருத்திக்கொள்வார். வேகம் குறைக்க, நேரம் முடிந்தது என்று சொல்ல ஒரு கைச்சைகையை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பு முடிந்ததும் வழிகாட்டி ஆசிரியரிடம் போவதற்கு முன் பத்து நிமிடம் நீங்கள் இருவர் மட்டும் பேசுங்கள், எந்த மாணவரை இன்று இருவருமே கவனிக்காமல் விட்டோம் என்ற கேள்வியிலிருந்து.