டவுன்ரிகர் கொண்டு ஆழத்துச் சூரையைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தெற்குக் கலிபோர்னியாவின் சான் டியேகோவிலிருந்து கடலுக்குப் போகும் சிறு படகுகளுக்குச் சூரை (டூனா) மீன் எப்போதும் மேற்பரப்பில் கிடைப்பதில்லை. பறவைக் கூட்டமோ துள்ளும் இரைமீன்களோ கண்ணில் படாத பகல்களில், எதிரொலியால் நீருக்கடியில் இருப்பதைக் காட்டும் எக்கோ சவுண்டர் திரையில் மட்டும் 20, 30 மீட்டர் ஆழத்தில் நீலத்துடுப்புச் சூரையின் தடங்கள் தெரிவதுண்டு. அந்த ஆழத்துக்கு இரையை இறக்கி, படகை ஓட்டியபடியே இழுத்துச் செல்ல உதவும் கருவிதான் டவுன்ரிகர். படகின் விளிம்பில் பொருத்திய ஒரு சுருள் சக்கரம், நீட்டிய கையின் நுனியில் உள்ள கப்பி வழியாக இறங்கும் கம்பி, கம்பியின் முனையில் கனமான ஈயக்குண்டு, குண்டுக்கு அருகே தூண்டில் நரம்பைப் பற்றியிருக்கும் கிளிப் என்பதே அதன் அமைப்பு. மீன் கவ்வி இழுத்ததும் நரம்பு கிளிப்பிலிருந்து விடுபட்டுவிடும். அதன்பின் குண்டின் பாரம் இல்லாமல் தடியும் ரீலும் மட்டுமே மீனோடு மல்லுக்கு நிற்கும்.

மிச்சிகன் ஏரியில் 1966இல் கோஹோ சால்மன் குஞ்சுகள் விடப்பட்டதைத் தொடர்ந்து அமெரிக்கப் பேரேரிகளில் வளர்ந்த தூண்டில் மீன்பிடிப்போடு சேர்ந்தே இக்கருவியும் பரவியது. ஆகவே இதைப் பற்றிய பெரும்பாலான வழிகாட்டுதல்கள் 2, 3 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் மெல்ல நகரும் படகையும், குண்டுக்குப் பக்கத்திலேயே வரும் இரையைக் கவ்வத் தயங்காத சால்மனையும் மனத்தில் கொண்டவை. தெளிந்த நீலக்கடலில் வேட்டையாடுவதும், தூண்டில் பட்டதும் நெடுந்தூரம் ஓடிப் பிறகு படகுக்குக் கீழே வட்டமிடுவதுமான சூரைக்கு அந்தப் பழக்கங்களை அப்படியே கொண்டுவருவதிலிருந்துதான் இங்கே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை பிறக்கின்றன.

முதல் தவறு, சுருள் சக்கரத்தின் எண்காட்டி காட்டும் எண்ணை ஆழம் என்று நம்புவது. அது காட்டுவது வெளியே போன கம்பியின் நீளத்தை மட்டுமே. படகு நகரும்போது நீரின் எதிர்ப்பு கம்பியையும் குண்டையும் பின்னோக்கித் தள்ளுவதால், கம்பி சாய்ந்து, குண்டு மேலே ஏறிவிடுகிறது. கம்பி செங்குத்துக் கோட்டிலிருந்து 30 பாகை சாய்ந்திருந்தால் 40 மீட்டர் கம்பிக்கு ஏறத்தாழ 35 மீட்டர் ஆழமே கிடைக்கும். 45 பாகை சாய்ந்தால் 28 மீட்டர். 60 பாகை சாய்ந்தால் வெறும் 20 மீட்டர். இந்தக் கணக்கு கம்பி நேராக இருப்பதாகக் கொண்டு போடப்பட்டது. உண்மையில் நீரின் எதிர்ப்பு அடியிலிருந்து மேல்நோக்கிச் சேர்ந்துகொண்டே வருவதால் கம்பி வளைந்து, மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் சாய்ந்திருக்கும். எனவே கப்பிக்கு அருகில் தெரியும் கோணத்தை வைத்துக் கணக்கிட்டால் உண்மை ஆழம் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். இத்துடன் இரையின் தன்மையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முன்புறம் தகடு வைத்த, தானே கீழே முக்குளிக்கும் செயற்கை மீனாக இருந்தால், அது குண்டின் மட்டத்துக்கும் கீழே சில மீட்டர் இறங்கி நீந்தும். ஆகவே கம்பியின் நீளம், அதன் கோணம், இரை முங்கும் அளவு ஆகிய மூன்றையும் சேர்த்தே ஆழத்தைக் கணிக்க வேண்டும்.

இந்தப் பின்தள்ளலைக் குறைக்கக் குண்டின் வடிவத்தை மாற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. ஆனால் 30 மீட்டர் ஆழத்தில் குண்டைவிட, நீண்டு தொங்கும் மெல்லிய கம்பியே நீரில் பல மடங்கு எதிர்ப்பைத் தருகிறது. வேகம் இரட்டிப்பானால் அந்த எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. 3 நாட் வேகத்தில் ஒழுங்காகத் தொங்கிய 10 பவுண்டு குண்டு 6 நாட் வேகத்தில் படகுக்குப் பின்னால் மிதப்பதுபோல் இழுபடுவதற்குக் காரணம் இதுதான். சூரைக்கு 15 முதல் 20 பவுண்டு வரையிலான குண்டும், அதைத் தூக்கும் திறன் கொண்ட மோட்டாரும் தேவை. மோட்டார் எவ்வளவு பாரத்துக்கு உரியது என்பதைப் பார்க்காமல் குண்டை மட்டும் மாற்றுவது இன்னொரு தவறு. மேற்பரப்பில் அல்பகோர் சூரைக்கு இழுக்கும் இறகுப் பொய்யிரைகளுக்கு உரிய 6 முதல் 8 நாட் வேகத்தை டவுன்ரிகரிடமும் எதிர்பார்ப்பது வீண் என்பதே என் கருத்து. அந்த வேகம்தான் வேண்டும் என்றால், நீரின் அழுத்தத்தாலேயே கீழே இறங்கும் பிளேனர் தகடு பொருத்தமான கருவி. டவுன்ரிகரின் களம் 2 முதல் 5 நாட் வரையில்தான். உயிர் இரையாக இருந்தால் 2 நாட் வேகமே அதிகம்.

அந்த வேகத்தையும் ஜிபிஎஸ் திரையில் பார்த்து முடிவு செய்வது போதாது. ஜிபிஎஸ் சொல்வது நிலத்தைச் சார்ந்த வேகம். இரை உணர்வதோ தன்னைச் சுற்றியுள்ள நீரைச் சார்ந்த வேகம். நீரோட்டத்தோடு போகும்போது ஜிபிஎஸ் 4 நாட் காட்டினாலும் இரை சோம்பலாகத் தொங்கும். எதிர்த்துப் போகும்போது அதே 4 நாட்டில் இரை கட்டுப்பாடின்றிச் சுழன்று நரம்பை முறுக்கிவிடும். மேல்நீரும் அடிநீரும் வெவ்வேறு திசையில் ஓடும் இடங்களில் குழப்பம் இன்னும் கூடும். கம்பியின் சாய்வையும் தடியின் நுனி துடிப்பதையும் கவனித்து, திசை மாறும்போதெல்லாம் வேகத்தைத் திருத்திக்கொள்வதே சரியான வழி.

ஆழத்தைத் தேர்ந்தெடுப்பதில் நேரும் தவறு, மீன் தெரியும் மட்டத்துக்குக் கீழே இரையை இறக்கிவிடுவது. சூரை பெரும்பாலும் கீழிருந்து மேல்நோக்கி, வெளிச்சத்தின் பின்னணியில் நிழலாகத் தெரியும் இரையை நோக்கிப் பாய்கிறது. திரையில் 30 மீட்டரில் தடம் தெரிந்தால் இரை 22 முதல் 27 மீட்டருக்குள் நீந்துவது நல்லது. வெதுவெதுப்பான மேல்நீர் திடீரெனக் குளிர்ந்த நீராக மாறும் அடுக்கையும் தேட வேண்டும். சிறு மீன்கள் அங்கே குவிவதால், எக்கோ சவுண்டரின் உணர்திறனைக் கூட்டினால் அது பெரும்பாலும் மங்கலான பட்டையாகத் திரையில் தெரியும். மஞ்சள்துடுப்புச் சூரை பெரும்பாலான நேரத்தை அந்த அடுக்குக்கு மேலேயே கழிக்கிறது. தசையில் உண்டாகும் வெப்பத்தை இரத்தக் குழாய்களின் தனி அமைப்பால் உடலிலேயே தக்கவைத்துக்கொள்ளும் நீலத்துடுப்புச் சூரையோ அதற்குக் கீழேயும் போய் வேட்டையாடித் திரும்புகிறது. பெருங்கண் சூரை பகலில் பல நூறு மீட்டர் ஆழத்தில் இருப்பதால் டவுன்ரிகர் அதற்கு எட்டாது. எந்தச் சூரை என்று தெரியாமல் 'ஆழமாக இறக்கினால் போதும்' என்று எண்ணினால் நாள் முழுவதும் வெறுங்கடலில் இரையை இழுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

குண்டுக்கும் இரைக்கும் இடையே விடும் தூரத்தைச் சால்மனுக்குப் போலவே 5 மீட்டராக வைப்பதும் சூரையிடம் செல்லாது. தெளிந்த நீரில் குண்டும் அதிரும் கம்பியும் மீனை ஒதுங்கச் செய்யும். 15 முதல் 30 மீட்டர் வரை விட்டுப் பார்ப்பதும், கவ்வல் வரும் தூரத்தைக் குறித்துவைத்துக்கொள்வதும் பயன் தரும். இழுத்துச் செல்லும் வேகத்தில் எஃகுக் கம்பி ரீங்காரமிடுவது தொந்தரவாக இருந்தால் பின்னல் நூலுக்கு மாறலாம்.

கிளிப்பின் இறுக்கம் சிறு விஷயமாகத் தோன்றும், ஆனால் மீன் தப்புவது பெரும்பாலும் இங்கேதான். மிகத் தளர்வாக இருந்தால் அலையில் படகு எழும்பும் ஒவ்வொரு முறையும் நரம்பு தானாக விடுபட்டு, இரை மேலே வந்துவிடும். அது தெரியாமல் அரைமணி நேரம் ஓட்டுவோர் பலர். மிக இறுக்கமாக இருந்தால் சிறிய சூரை மாட்டியும் கிளிப் திறக்காமல் இழுபட்டுச் சாகும். தடி நன்றாக வளையும்வரை ரீலைச் சுற்றி நரம்பை இறுக்கி வைத்தால், நரம்பு விடுபடும் கணத்தில் தடி நிமிர்ந்து தொய்வை உடனே எடுத்துக்கொள்ளும். பலமாக இழுக்கும் இரைகளுக்கு, நரம்பில் ரப்பர் பட்டையைச் சுற்றி அதைக் கிளிப்பில் மாட்டுவது நரம்பைச் சிராய்ப்பிலிருந்தும் காக்கும்.

ஒரே கம்பியில் இரண்டு தூண்டில்களை அடுக்கும் பேரேரிப் பழக்கத்தைச் சூரைக்குக் கைவிடுவதே நலம். சூரை கூட்டமாக வருவதால் இரண்டும் ஒருசேரக் கவ்வப்பட்டால் நரம்புகள் கம்பியோடு பின்னிக்கொள்ளும். கலிபோர்னியக் கடலில் நீலத்துடுப்புச் சூரைக்கு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 10 என்றிருந்த வரம்பு 2015இல் 2ஆகக் குறைக்கப்பட்டது. நடப்பு விதியைப் புறப்படும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு குறைந்த வரம்புக்குள் அத்தனை தூண்டில்கள் எதற்கு என்றே கேட்கத் தோன்றுகிறது.

எல்லாவற்றிலும் விலை உயர்ந்த தவறு, மீன் மாட்டிய பிறகு குண்டை நீரிலேயே விட்டுவைப்பது. சூரை முதலில் நெடுந்தூரம் ஓடும், பிறகு படகுக்கு நேர்கீழே வந்து வட்டமிடத் தொடங்கும். அந்த வட்டத்தின் நடுவே ஓர் எஃகுக் கம்பி தொங்கினால், இறுகிய நரம்பு அதில் உரசிய மாத்திரத்தில் அறுந்துபோகும். தடியை ஒருவர் எடுக்கும்போதே இன்னொருவர் எல்லா டவுன்ரிகர்களையும் மேலேற்ற வேண்டும் என்று கரையிலேயே பேசி முடிவு செய்திருக்க வேண்டும். குண்டுகள் ஏறும்வரை படகை முற்றிலும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் பின்சாய்ந்திருந்த கம்பிகள் நேராகத் தொங்கி, மீன் வரும் வழியிலேயே நிற்கும். மெல்ல முன்னோக்கி நகர்ந்தால் கம்பிகள் விலகியிருக்கும், பின்னால் வரும் மற்றச் சூரைகளும் இரையைக் கவ்வ வாய்ப்புண்டு. இருவர் மட்டுமே உள்ள படகில் ஒரே ஒரு டவுன்ரிகர் போதும்.

அலையடிக்கும் படகில் 15 பவுண்டு ஈயக்குண்டு ஊசலாடினால் அது பலகையையும் உடைக்கும், கால் எலும்பையும் உடைக்கும். குண்டை நீர்மட்டத்தில் நிறுத்தி, அலை தணிந்த கணத்தில் கையால் பிடித்து அதற்குரிய இடத்தில் வைக்க வேண்டும். கடற்பாசித் திட்டிலோ பொறிக்கூட்டுக் கயிற்றிலோ கம்பி சிக்கிக்கொண்டால் சிறு படகின் பின்பக்கம் நீருக்குள் அமிழும் அபாயம் மெய்யானது. ஆகவே சக்கரத்தின் கிளட்ச் அளவுக்கு மீறிய இழுப்பில் வழுக்கிக் கொடுக்குமாறு அமைந்திருக்க வேண்டும். கம்பியை வெட்டும் குறடு பெட்டிக்குள் இல்லாமல் கைக்கெட்டும் இடத்தில் தொங்க வேண்டும். அடித்தளத்தைக் கண்ணாடியிழை விளிம்பில் வெறும் திருகாணிகளால் பொருத்தாமல், அடியில் உலோகத் தகடு கொடுத்து முடுக்குவது இதே காரணத்துக்காகத்தான்.

திரும்பும்போது வட்டம் பெரிதாக இருக்கட்டும். சட்டெனத் திருப்பினால் உள்பக்கத்துக் குண்டு வேகமிழந்து கீழே அமிழ்ந்து, கம்பி படகின் உந்துவிசிறிக்கு அருகே வந்துவிடும். கரை திரும்பியதும் சக்கரத்தையும் கம்பியையும் நன்னீரில் கழுவி, முறுக்கு விழுந்த அல்லது இழை பிரிந்த கடைசி சில மீட்டர்களை வெட்டிவிட்டுக் குண்டைப் புதிதாக இணைக்க வேண்டும்.