செகோன் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வது எப்படி

போர்க்கள வீரத்துக்கான இந்தியாவின் மிக உயர்ந்த விருதான பரம் வீர் சக்ரா பெற்ற 21 பேரில் விமானப்படைக்காரர் நிர்மல்ஜித் சிங் செகோன் ஒருவர்தான். இதை முதலில் சொன்னால் பிள்ளைகள் பொது அறிவுக் கேள்வி என்று நினைத்து மனப்பாடம் பண்ணப் போய்விடுவார்கள். அதனால் முதலில் மைதானத்துக்குக் கூட்டிப் போங்கள்.

விளையாட்டு விழாவுக்குக் கோடு போடுகிற சுண்ணாம்புத் தூளும் ஒரு டேப்பும் போதும். நீளம் 9 மீட்டர், இறக்கை நுனிக்கு நுனி 7 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு: இதுதான் அவர் ஓட்டிய நாட் விமானம், பெயருக்கே குட்டிப் பூச்சி என்றுதான் அர்த்தம். பக்கத்தில் பாகிஸ்தானின் சேபர் போர் விமானம் ஒன்று வரையுங்கள், அது நீளமும் இறக்கையும் 11 மீட்டருக்கு மேல். நாட் விமானத்துக்குள் ஒரு பிள்ளையை உட்கார வைத்து, ஆறு பேரைச் சேபர்களாகச் சுற்றி நிறுத்துங்கள்.

அப்புறம் கதை. 1971 இந்திய-பாகிஸ்தான் போர், டிசம்பர் 14 காலை, ஸ்ரீநகர். பெஷாவரிலிருந்து வந்த ஆறு சேபர்கள் விமானதளத்தைத் தாக்குகின்றன. செகோனுடன் பறக்க வேண்டிய இன்னொரு நாட் விமானி கும்மன் முதலில் ஓடுதளத்தில் கிளம்ப, அவர் எழுப்பிய புழுதி அடங்கும்வரை செகோன் காத்திருக்க வேண்டியதாயிற்று, அதற்குள் குண்டு விழ ஆரம்பித்துவிட்டது. இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். தரையை விட்டு அப்போதுதான் எழும்புகிற விமானத்துக்கு வேகமும் கிடையாது, உயரமும் கிடையாது, மேலே இருப்பவனுக்கு அதைவிட லேசான இலக்கு அமையாது என்பதை நிதானமாக விளக்குங்கள். அது தெரிந்தேதான் அவர் கிளம்பினார். என்னைக் கேட்டால் அவருடைய வீரம் முழுக்க அந்தச் சில விநாடிகளில் இருக்கிறது.

சண்டையைக் கைகளால் காட்டுங்கள், விமானிகளும் அப்படித்தான் சொல்வார்கள். கையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டாம். மர உச்சி உயரத்தில் நடந்த சண்டை அது, மேசைக்கு ஒரு சாண் மேலே போதும். இடது கை சேபர் வட்டமடிக்க, வலது கை அதன் வாலைப் பிடிக்கட்டும். கும்மனுக்குச் செகோன் கண்ணில் படவே இல்லை, செகோன் தனியாகவே போராடினார்.

எத்தனை விமானத்தை வீழ்த்தினார் என்று எவனாவது நிச்சயம் கேட்பான். இரண்டு சேபர்கள் அடிபட்டன என்பது நம் தரப்பு, எதுவும் விழவில்லை என்பது பாகிஸ்தான் தரப்பு. இரண்டையும் சொல்லுங்கள், ஏற்றிச் சொல்லாதீர்கள். அவரைச் சுட்டு வீழ்த்திய விமானியே பின்னாளில் அவரைப் பாராட்டி எழுதினார் என்பதையும் விட்டுவிடாதீர்கள். விமானத்தின் சிதைவுகள் கிடைத்தன, உடல் கிடைக்கவே இல்லை. அதைச் சொன்னதும் வகுப்பு அமைதியாகிவிடும், அப்படியே விடுங்கள்.

சுண்ணாம்புக் கோட்டை அன்றே அழிக்க வேண்டாம். இடைவேளையில் பிள்ளைகள் தாங்களாகவே போய் அதில் உட்காருவார்கள்.