ரயில் சிமுலேட்டரில் சொந்த ரூட்: வரைபடத் தரவை வைத்து முதல் பத்து கிலோமீட்டர்

கணினியில் ரயில் ஓட்டும் சிமுலேட்டரில் மற்றவர்கள் செய்த ரூட்டுகளையே ஓட்டிக்கொண்டிருந்தால், நமக்குப் பிடித்த பாதை இதில் இல்லையே என்று ஒரு நாள் தோன்றும். அதை நாமே கட்டலாம். வேண்டிய வரைபடமும் உயரத் தரவும் இலவசமாகவே கிடைக்கின்றன. தொடங்கும் முன் ஒரு விஷயம்: தண்டவாளம் எங்கே வளைகிறது, எந்தப் பக்கம் போகிறது என்பதை வரைபடம் நன்றாகவே காட்டும், ஆனால் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதை நீங்கள்தான் கணக்குப் போட்டு எடுக்க வேண்டும். இது தெரியாமல் நான் முதல் ரூட்டில் 40 கிலோமீட்டர் தண்டவாளம் போட்டுவிட்டு, அத்தனையையும் பிடுங்கி மறுபடி போட்டேன். அந்த இரட்டை வேலை உங்களுக்கு வேண்டாம்.

இங்கே சொல்வது ஓப்பன் ரெயில்ஸ் சிமுலேட்டருக்கும் அதற்கு ரூட் கட்டும் டிஎஸ்ஆர்இ5 எடிட்டருக்கும். இரண்டும் இலவசம். 2001-இல் வந்த மைக்ரோசாஃப்ட் ட்ரெயின் சிமுலேட்டரின் கோப்பு வடிவத்தைத்தான் ஓப்பன் ரெயில்ஸும் படிக்கிறது. வேறு சிமுலேட்டர் வைத்திருந்தால் பொத்தான்கள் மாறும், வேலையின் வரிசை ஏறக்குறைய இதேதான்.

பாதையைத் தேர்ந்தெடுங்கள்

இரண்டு நிலையங்கள், நடுவில் சுமார் 10 கிலோமீட்டர், ஒற்றை வழித்தடம். போதும். பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் பெரிய யார்டு இருக்கிற ஜங்ஷனை முதல் ரூட்டில் தொடாதீர்கள்.

உயரத் தரவு

2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாள் பூமியைச் சுற்றி ரேடாரால் நிலத்தின் உயரத்தை அளந்தது. அந்தத் தரவுக்கு எஸ்ஆர்டிஎம் என்று பெயர். வடக்கே 60 டிகிரியிலிருந்து தெற்கே 56 டிகிரி வரை கிடைக்கும். ஹெச்ஜிடி என்ற வகைக் கோப்பாக, ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரி சதுரமாக இறக்கிக்கொள்ளலாம், புள்ளிகளுக்கு இடையே ஏறத்தாழ 30 மீட்டர் இருக்கும். கோப்பின் பெயர் அந்தச் சதுரத்தின் தென்மேற்கு மூலையைக் குறிக்கும், இதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். வடக்கு 46.3, கிழக்கு 8.6 என்றால் 'என்46இ008', சிக்கல் இல்லை. ஆனால் தெற்கு 33.4, மேற்கு 70.6 என்றால் 'எஸ்34டபிள்யூ071' என்ற கோப்புதான் வேண்டும், 33-ம் 70-ம் அல்ல.

தண்டவாளக் கோடுகள்

இதற்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், பலரும் சேர்ந்து வரையும் இலவச வரைபடம். அதிலிருந்து தரவைக் கேட்டு எடுக்க உதவும் ஓவர்பாஸ் டர்போ தளத்தில் உங்கள் பகுதியைத் திரையில் கொண்டுவந்து, ரயில்வே என்ற குறிச்சொல்லுக்கு 'ரெயில்' என்ற மதிப்பு உள்ள கோடுகளை மட்டும் கேட்டு எடுங்கள். பாலம், சுரங்கம் ஆகியவற்றுக்குத் தனிக் குறிச்சொல் உண்டு, அந்த இடங்களை ஒரு தாளில் குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும். ரயில்வே குறிச்சொல்லின் மதிப்பு 'டிஸ்யூஸ்ட்' என்றால் தண்டவாளம் கிடக்கிறது, ரயில் ஓடவில்லை. 'அபாண்டண்ட்' என்றால் தண்டவாளத்தையே எடுத்துவிட்டார்கள். மூடப்பட்ட பழைய பாதையை மறுபடி ஓட்டிப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு இந்த இரண்டும் புதையல்.

அப்புறம் எடிட்டரில் புது ரூட் தொடங்கி, ஆரம்ப நிலையத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுங்கள். நிலப்பரப்பு 2048 மீட்டர் சதுர டைல்களாக வரும். பாதை நெடுகவும் இரு பக்கமும் ஒவ்வொரு டைல் உருவாக்கி, உயரத்தை ஏற்றி, அதன் மேல் வரைபடத்தை விரியுங்கள். தரையிலேயே கோடுகள் தெரியும்.

ஏற்ற இறக்கக் கணக்கு

தண்டவாளத்தில் கை வைக்காதீர்கள், இன்னும் நேரம் வரவில்லை. ரேடார் அளந்தது வெறும் தரையை அல்ல, மர உச்சியும் கட்டடக் கூரையும் அதில் கலந்திருக்கும். 30 மீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் வெறும் 3 மீட்டர் வித்தியாசம் வந்தாலும் அது 10 சதவீதச் சரிவு. சாதாரண மெயின் லைனில் 2 அல்லது 2.5 சதவீதமே கடுமையான ஏற்றம். தரையை ஒட்டியே தண்டவாளம் போட்டால் ரயில் அலைமேல் படகு மாதிரி குதிக்கும், சரக்கு ரயில் இழுக்க முடியாமல் நின்றே போகும். பாலம் வரும் இடத்தில் தரவு பள்ளத்தாக்கின் அடியைச் சொல்லும், சுரங்கத்தில் மலை உச்சியைச் சொல்லும். இரண்டுமே நமக்கு உதவாது.

அதனால் ஒரு விரிதாளைத் திறந்து, பாதை நெடுக 500 மீட்டருக்கு ஒருமுறை உயரத்தை எழுதுங்கள். பாலம், சுரங்கம், அடர்ந்த மரங்கள் உள்ள இடங்களை விட்டுவிடுங்கள். இரு நிலையங்களின் உயரத்தை உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், சில நாடுகளில் நிலையப் பெயர்ப்பலகையிலேயே கடல்மட்ட உயரம் எழுதியிருக்கும். முதல் நிலையம் 212 மீட்டர், அடுத்தது 262 மீட்டர், நடுவில் 10 கிலோமீட்டர் என்றால் சராசரி 200-க்கு 1, அதாவது 200 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏற்றம். இனி அந்தப் புள்ளிகளுக்கு ஊடே நீளமான நேர்கோடுகள் வரையுங்கள்: இங்கே 2 கிலோமீட்டர் சமதளம், அப்புறம் 3 கிலோமீட்டருக்கு 150-க்கு 1 ஏற்றம், இப்படி. நிலையத்துக்குள் சமதளமாகவே வையுங்கள், நிறுத்திய பெட்டி தானாக உருளக் கூடாது. ஒரு சரிவிலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று மாறாமல் சிறு துண்டுகளாகப் படிப்படியாக மாற்றுங்கள். இந்தத் தாளுக்கு ஒரு முழு மாலை செலவானாலும் பரவாயில்லை, ரூட்டின் உயிர் இதில்தான் இருக்கிறது.

இப்போது தண்டவாளம்

முதலில் நிலையங்களின் பாயிண்டுகளை, அதாவது தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடங்களை, போடுங்கள், அவை அளவு மாறாத துண்டுகள். நடுப்பகுதியை வளைத்து, நீட்டிப் பொருத்திக்கொள்ளலாம். வளைவின் ஆரம் தெரிய வேண்டுமா? வரைபடத்தில் வளைவின் குறுக்கே 100 மீட்டர் நேர்கோடு போட்டு, அதன் நடுவிலிருந்து தண்டவாளம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். 100-ஐ 100-ஆல் பெருக்கி, விலகலின் எட்டு மடங்கால் வகுங்கள். விலகல் 2.5 மீட்டர் என்றால் ஆரம் சுமார் 500 மீட்டர்.

தண்டவாளம் உங்கள் தாளிலுள்ள உயரத்தில் போகும்போது சில இடத்தில் தரைக்கு மேலே மிதக்கும், சில இடத்தில் மண்ணுக்குள் புதையும். பயப்பட வேண்டாம், அப்படித்தான் இருக்க வேண்டும். நிலத்தைத் தண்டவாளத்துக்கு ஏற்ப உயர்த்தினால் கரை, வெட்டி இறக்கினால் கட்டிங். நிஜப் பாதை போட்டவர்களும் இதைத்தானே செய்தார்கள்.

மரம், வீடு எதுவும் வைப்பதற்கு முன் ஒரு கனமான சரக்கு ரயிலை இரு திசையிலும் ஓட்டுங்கள். குலுங்கும் இடத்தை உடனே குறித்து, அங்கே இணைப்பையும் சரிவையும் சரிபாருங்கள், காட்சி வைத்த பிறகு திருத்துவது மிகவும் கஷ்டம்.

சரி, ரூட்டை மற்றவர்களுக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், கூட வைக்கும் விளக்கக் கோப்பில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்களின் தரவைப் பயன்படுத்தியதாக ஒரு வரி எழுதுங்கள். அந்த வரைபடத்தின் உரிமம் கேட்பது அது, அந்தக் கோடுகளை வரைந்தவர்களுக்கு நாம் சொல்ல வேண்டிய நன்றியும் அதுதான்.